தோட்டத்தை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஓர் இரவு. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். மூன்றாவது டிவிஷன் (தோட்டப் பிரிவு) லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பெரியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. மகன் அவசர எண் 999க்கு அடித்துத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். ஆம்புலன்ஸ் அந்தப் பெயருக்கு வரைபடம் காட்டிய இடத்தில் வந்து நின்றது. அது தோட்ட ஆபீஸ். அங்கிருந்து லயத்துக்குச் செம்மண் சாலையில் ஆறு கிலோமீட்டர், நடுவில் பூட்டிய கேட். சாவி வைத்திருந்த ஜாகாவை (காவலாளியை) எழுப்பி, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் முன்னால் போய் வழிகாட்டி, லயத்தை அடைய முக்கால் மணி நேரம் ஆனது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அந்த மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான்.

மறுநாள் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அவ்வளவு பெரிய தோட்டத்துக்கும் ஒரே ஒரு புள்ளி. லயங்கள் எங்கே, எந்தச் சாலை எதில் சேருகிறது, எந்தக் கேட்டை இரவில் பூட்டுவார்கள் என்று எதுவுமே பதிவாகவில்லை. இதெல்லாம் தெரிந்தவர்கள் நாம்தான். நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது, சொல்லித்தர ஆள் இல்லாததால். அந்த ஆறு மாதத்தை உங்களுக்கு ஒரு சனி, ஞாயிறாகச் சுருக்கித் தரத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கைப்பேசி, ஒரு நோட்டுப்புத்தகம், ஒரு மடிக்கணினி போதும். மென்பொருளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

முதலில் நோட்டுப்புத்தகம்

கணினியைத் தொடுவதற்கு முன், ஊரில் வயதானவர் ஒருவரோடு காலைப் பசியாறும் நேரத்தில் ஒட்டுக்கடையில் உட்காருங்கள். பத்து இடங்களின் பெயரைச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். "ஆயக்கொட்டகை இருந்த இடம்", "பெரட்டுக் களம்", "பழைய ஆலை முனியாண்டி", "எட்டாம் நம்பர் காடு". ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: எங்கே, என்ன, எப்போது யார் பார்த்தது.

புவியியல் தரவு என்பது அவ்வளவுதான். முதல் கட்டம் இருப்பிடம். இரண்டாவது கட்டத்தில் வருவதைப் பண்பு என்பார்கள்: பெயர், வகை, திறந்திருக்கும் நேரம், சாலையென்றால் தாரா செம்மண்ணா. மூன்றாவது கட்டத்தைப் புதியவர்கள் எல்லாரும் விட்டுவிடுவார்கள். எனக்கோ அதுதான் உயிர். தேதியில்லாத குறிப்பை ஐந்து வருடம் கழித்து நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது. தோட்டம் கைமாறுகிறது, லயம் இடிகிறது, கோயில் இடம் மாறுகிறது. "இந்த மாதம் நானே நேரில் பார்த்தது" என்ற ஒரு வரி இருந்தால்தான் அடுத்து வருகிறவர் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக்கூடாது என்று முடிவெடுக்க முடியும்.

இரண்டு எண்கள்

"ஆலைக்குப் பின்னால்" என்றால் நமக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. அதற்கு எண் வேண்டும். தமிழ்ப்பள்ளிக் கணிதத்தில் அச்சுத்தூரம் என்று படித்தோமே, அதேதான். கட்டத்தாளுக்குப் பதில் உலக உருண்டை. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது அட்சரேகை, லண்டன் கிரீனிச்சிலிருந்து கிழக்கே எவ்வளவு என்பது தீர்க்கரேகை. பெஸ்தாரி ஜெயா பட்டணம் ஏறத்தாழ 3.38, 101.42. இதையே பாகை, கலை, விகலை என்று பிரித்து 3 பாகை 22 கலை 48 விகலை வடக்கு என்றும் எழுதுவார்கள். பழைய தாள்களில் அப்படித்தான் இருக்கும். கலையை 60ஆல், விகலையை 3600ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் தசம எண் வந்துவிடும்.

புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் வேண்டும்? ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஐரோப்பாவில் கிழக்கு மேற்குத் தூரம் இதைவிட வெகுவாகச் சுருங்கிவிடும். அதனால் நமக்குக் கணக்கு சுலபம்:

இரண்டு இலக்கம் எழுதினால் 1.1 கிலோமீட்டர் நுணுக்கம், ஒரு டிவிஷனே மாறிப்போகும்.
மூன்று இலக்கம் 110 மீட்டர், எந்த லயம் என்று தெரியாது.
ஐந்து இலக்கம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், வீட்டு வாசல் வரை வந்துவிடலாம்.

ஐந்தோடு நிறுத்துங்கள். கைப்பேசி சில நேரம் பன்னிரண்டு இலக்கம் காட்டும். அதில் பாதி வெறும் எண். எக்செல்லில் ஏற்றும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். நெடுவரிசை இரண்டு தசமத்துக்கு அமைந்திருந்தால் திரையில் 3.38 என்றுதான் தெரியும். அதைப் பார்த்து ஒருவர் கையால் நகலெடுத்தாலோ, அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல் கோப்பாக) சேமித்தாலோ மீதி இலக்கங்கள் போய்விடும். எங்கள் முதல் பட்டியலில் நாற்பது இடங்கள் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. நாற்பதுக்கும் மறுபடி நடந்தோம்.

எந்த எண் முதலில் என்பதும் முக்கியம். மனிதர்கள் பேசும்போதும் கைப்பேசி வரைபடத்திலும் அட்சரேகை முதலில் வரும். ஜியோஜேசன் போன்ற வரைபடக் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில் வரும். மாறிப்போனால் பல நாடுகளில் புள்ளி எங்கோ கடலில் போய் விழும், கண்டுபிடிக்க நாளாகும். மலேசியாவில் நமக்கு ஒரு வசதி உண்டு. அட்சரேகை 90ஐத் தாண்டவே முடியாது. நம் தீர்க்கரேகையோ தீபகற்பம் முழுவதும் 99க்கு மேல். மாற்றிப் போட்டால் மென்பொருள் பெரும்பாலும் உடனே முரண்டு பிடிக்கும். புள்ளி காணாமல் போய்விட்டதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

காட்டுக்குள் கைப்பேசி

கைப்பேசி தன் இடத்தை எப்படி அறிகிறது? தலைக்கு மேல் சுற்றும் துணைக்கோள்கள் ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துத் தூரம், தூரங்களை வைத்து இடம். குறைந்தது நான்கு துணைக்கோள்கள் தெரிய வேண்டும்: இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று, கைப்பேசிக் கடிகாரத்தின் பிழையைச் சரிசெய்ய நான்காவது. இதற்கு இணையம் தேவையில்லை. உள்டிவிஷனில் லைன் கிடைக்காவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஓஎஸ்எம்ஆண்ட் என்ற செயலியில் அது முடியும், நடந்த தடத்தையும் அது பதிந்துகொள்ளும்.

திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசிக்கு ஐந்து மீட்டர் அளவு பிழை இருக்கும். செம்பனைக்குள் (எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள்) நுழைந்ததும் அது கூடிவிடும். மட்டைகள் சமிக்ஞையை மறைக்கின்றன, மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். வரைபடத்தில் உங்களைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் தெரியுமே, அதுதான் கைப்பேசியின் ஒப்புதல்: "நான் இதற்குள் எங்கோ இருக்கிறேன்." ஆண்ட்ராய்டில் அந்த வட்டத்துக்குப் பொருள், ஏறத்தாழ மூன்றில் இரண்டு முறை உண்மையான இடம் அதற்குள் இருக்கும் என்பது. மூன்றில் ஒரு முறை வெளியே இருக்கலாம்.

அதனால் நான் செய்வது இது. இடத்துக்குப் போனதும் எடுக்க மாட்டேன். கைப்பேசியை நெஞ்சளவு உயரத்தில் பிடித்து ஒரு நிமிடம் நிற்பேன். வட்டம் சுருங்கி நின்றதும் ஒரு பதிவு. பத்து நிமிடம் கழித்து, திரும்பி வரும் வழியில் அதே இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் இருபது மீட்டர் வித்தியாசம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, பக்கத்துச் சாலையில் வானம் தெரியும் இடத்திலிருந்து எடுத்து, "இங்கிருந்து கிழக்கே முப்பது எட்டு" என்று நோட்டில் எழுதுவேன், எட்டு என்றால் ஒரு காலடி. எட்டுக்கணக்கு பழைய வழிதான். காட்டுக்குள் ஜிபிஎஸ்ஸைவிட அதைத்தான் பல நேரம் நம்புகிறேன். பாம்புக்கும் முள்ளுக்கும் நீளக் காலணி. தோட்டத்துக்குள் போவதற்கு முன் நிர்வாகத்திடமோ மண்டோரிடமோ (மேற்பார்வையாளரிடமோ) சொல்லி அனுமதி வாங்குங்கள். குலை அறுக்கும் நேரத்தில் மரத்தடிக்குப் போகவே வேண்டாம்.

புள்ளி, கோடு, பரப்பு

இனி மடிக்கணினி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் தொடங்கிய உலக வரைபடம். யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறந்து, நம் ஊரைப் பெரிதாக்கி, திருத்து என்ற பொத்தானை அழுத்தினால் உலாவியிலேயே ஒரு திருத்துப் பலகை விரியும். பின்னணியில் வானிலிருந்து எடுத்த படம். மேலே மூன்று பொத்தான்கள்: புள்ளி, கோடு, பரப்பு.

கோயில், கேட், பஸ் நிறுத்தம் புள்ளி. சாலையும் வாய்க்காலும் கோடு. லயத்துக் கட்டடம், திடல், செம்பனைக் காடு, தோட்டம் முழுவதும் பரப்பு. எதை எதுவாக வரைகிறோம் என்பது வசதியைப் பொறுத்த விஷயமாகத் தோன்றும். ஆனால் அந்த இரவில் நடந்தது இந்த ஒன்றில் ஏற்பட்ட பிழைதான். பரப்பாக இருக்க வேண்டிய தோட்டம் புள்ளியாக இருந்தது. ஒரு பரப்பைப் பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி எழும். ஒரு புள்ளிக்கு வழி கேட்டால் வண்டி அந்தப் புள்ளியிலேயே போய் நின்றுவிடும்.

சாலையில் கொஞ்சம் நின்று பார்ப்போம். வழிகாட்டும் மென்பொருள் படத்தைப் பார்ப்பதில்லை, முடிச்சுகளைத்தான் பார்க்கிறது. ஒரு கோடு என்பது வரிசையாகக் கோத்த முடிச்சுகள். செம்மண் சாலை பெரிய சாலையில் சேரும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கும் ஒரே முடிச்சு பொதுவாக இருந்தால்தான் "இங்கே திரும்பலாம்" என்று அதற்குத் தெரியும். கண்ணுக்கு ஒட்டியதுபோல் தெரிந்து, உள்ளே அரை மீட்டர் இடைவெளி இருந்தால் அந்தச் சாலை அதற்குத் தீவு. எங்கள் மூன்றாவது டிவிஷன் சாலையை யாரோ நல்லவர் எப்போதோ வரைந்துதான் வைத்திருந்தார், ஒட்டாமல். வரைந்து முடித்ததும் சேரும் முனையைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு சாலையும் சேர்ந்து அசைந்தால் முடிச்சு விழுந்திருக்கிறது.

கேட்டும் அப்படித்தான். சாலைக்குப் பக்கத்தில் தனியாக வைத்த கேட் யாரையும் தடுக்காது. சாலைக்கோட்டின் மேலேயே, அதன் முடிச்சாக வைக்க வேண்டும். பிறகு, நிறுவனத்தின் தனிச் சாலை என்றால் தனியார் அனுமதி என்ற பண்பைச் சேருங்கள். வெளியூர்க்காரர்களைக் குறுக்கு வழி என்று காட்டி வரைபடம் தோட்டத்துக்குள் விட்டுவிடக்கூடாது. இதை மறந்தால் நிர்வாகம் நம்மீது கோபப்படும், அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

செம்பனைக் காட்டுக்கு இந்த வரைபடத்தில் பழத்தோட்டம் என்ற வகையும், மரம் என்ற கட்டத்தில் ஆயில் பாம்ஸ் என்ற சொல்லும். கித்தா மரமென்றால் ரப்பர் ட்ரீஸ். எல்லையைத் தோராயமாக வரைந்தால் போதும், பிறகு யாராவது செம்மைப்படுத்துவார்கள்.

பெயர்கள்

பண்புகளில் மற்றவற்றைப் பிறகுகூடக் கற்கலாம். பெயரை மட்டும் இன்றே சரியாகப் பதியக் கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் பட்டணத்தின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. பலகைகள் மாறி வெகுநாளாகிவிட்டன. ஆனாலும் ஈப்போவிலிருந்து வரும் என் அத்தை இன்னும் "பெர்ஜுந்தைக்கு டிக்கெட்" என்றுதான் கேட்பார். வரைபடத்தில் பழைய பெயருக்கு என்றே தனிக் கட்டம் இருக்கிறது. நேம் என்ற கட்டத்தில் இன்று பலகையில் இருக்கும் பெயர், ஓல்டு நேம் என்ற கட்டத்தில் பழையது, ஆல்ட் நேம் என்ற கட்டத்தில் ஊர்வழக்கு. இவற்றோடு நேம், முக்காற்புள்ளி, டிஏ என்று ஒரு கட்டம். அதுதான் தமிழுக்கு. அதில் தமிழ் எழுத்தில் எழுதலாம், எழுத வேண்டும். திருத்துப் பலகையில் பெயர் கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி மொழிகளில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் அது தானாக வந்துவிடும். இந்தக் கட்டம் நிரம்பியிருந்தால்தான் தமிழில் தேடுபவருக்கு இடம் கிடைக்கும்.

தென்னமரம் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டது எங்கள் பக்கத்து இந்தத் தோட்டத்தில்தான். ரோமன் எழுத்தில் அதன் பெயர் சில இடத்தில் எம் என்ற எழுத்தில் முடிகிறது, சில இடத்தில் என் என்ற எழுத்தில் முடிகிறது. தேடும் கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு ஊர். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தமிழ்க் காதுக்கு அது ஒரே சொல். தமிழ்க் கட்டத்தில் "தென்னமரம்" என்று ஒரு முறை எழுதி, ரோமன் வடிவங்களில் ஒன்றை நேமிலும் மற்றதை ஆல்ட் நேமிலும் போட்டால் மூன்று வழியிலும் கிடைக்கும்.

பள்ளிக்கூடங்களில் இன்னொரு சிக்கல். நாட்டில் உள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டே தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) இடம் மாறிவிட்டன. தோட்டமே இல்லாமல் போன பிறகும் பெயர் பள்ளியில் உயிரோடு இருக்கிறது. அதனால் பள்ளியின் பெயரைப் பார்த்து, "தோட்டம் இங்கேதான் இருந்தது" என்று எண்ணித் தோட்டப் பெயரைத் தாமானில் பதியாதீர்கள். பள்ளியைப் பள்ளி நிற்கும் இடத்தில் பதியுங்கள், முழுப் பெயரோடு.

இடிந்த லயங்களை என்ன செய்வது? என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கேட்பவர்களின் குரல் தழுதழுக்கும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் விதி, இன்று தரையில் நேரில் பார்க்க முடிவதை மட்டும் பதிய வேண்டும் என்பது. இடித்து மரம் நட்டுவிட்ட லயத்தைக் கட்டடமாக வரையக்கூடாது. ஆனால் மக்கள் இன்றும் அந்த இடத்தை அந்தப் பெயரால் அழைத்தால், ஆளில்லாத பெயருள்ள இடம் என்று ஒரு வகை இருக்கிறது, லொக்காலிட்டி என்பார்கள். அதைப் புள்ளியாக வைத்து, தமிழ்ப் பெயர் கொடுக்கலாம். லயத்தின் உருவமே வேண்டுமென்றால் ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்ற தனித் திட்டத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று போட்டு வரையலாம்.

வீட்டுக்காரர் பெயர், கைப்பேசி எண், எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் நோட்டிலும் வேண்டாம், வரைபடத்திலும் வேண்டாம். இடத்தைப் பதிகிறோம், ஆளை அல்ல.

வானத்துப் படம்

புள்ளி, கோடு, பரப்பு மூன்றும் வெக்டர். வானத்துப் படம் ராஸ்டர், சதுரக் கட்டங்களால் நெய்த பாய். கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஐரோப்பிய சென்டினல்-2 துணைக்கோளின் இலவசப் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். ஆக ஒரு மரத்துக்கு ஒரு கட்டம். மறுநடவு செய்த இடம் தெரியும், வெள்ளம் தேங்கிய இடம் தெரியும், கோயில் தெரியாது. திருத்துப் பலகையின் பின்னணியில் வரும் படங்கள் இதைவிடத் துல்லியமானவை, கூரையை எண்ணலாம். ஆனால் அவை சில வருடம் பழையவையாக இருக்கலாம், சில மீட்டர் தள்ளியும் இருக்கலாம். உங்கள் நடைத்தடத்தை ஏற்றிச் சாலையோடு ஒப்பிட்டு, படம் தள்ளியிருந்தால் நகர்த்திக்கொண்டு வரையுங்கள்.

மற்ற நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எதையும் நகலெடுக்காதீர்கள். கூகுள் மேப்பில் இருக்கும் பெயர் சரியாகவே இருந்தாலும் அது அவர்கள் சொத்து. நீங்கள் நடந்து எடுத்ததும், கேட்டு எழுதியதும் உங்களுடையது.

பழைய தோட்டப் பிளானை ஏற்றுதல்

இது கொஞ்சம் கடினம், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்) ஒருவர் வீட்டு அலமாரியில் துணி ஒட்டிய பழைய பிளான் ஒன்று கிடைத்தது. மடிப்பு விழுந்த இடங்களில் மை போயிருந்தது. ஒவ்வொரு காட்டுக்கும் எண், நட்ட வருடம், ஏக்கர். கீழ்மூலையில் அளவுகோல்: ஓர் அங்குலத்துக்கு 20 சங்கிலி.

சங்கிலி என்பது அளவையாளர்களின் 66 அடிச் சங்கிலி, இன்றைய கணக்கில் 20.1168 மீட்டர். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 20 சங்கிலி 1320 அடி, அதாவது 15,840 அங்குலம். ஆகவே அந்த பிளானின் அளவு 1:15,840. தாளில் ஓர் அங்குலம் தரையில் 402 மீட்டர். ஒரு நல்ல அடிக்கோலை வைத்துத் தெரிந்த இரண்டு இடங்களை அளந்து இது சரிதானா என்று முதலில் பாருங்கள். நகல் எடுக்கும்போது சுருங்கிய பிளான்கள் உண்டு.

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளை மடிக்கணினியில் நிறுவுங்கள். பிளானைத் தட்டையாக வைத்து ஸ்கேன் செய்து, ஜியோரெஃபரன்சர் என்ற கருவியில் திறந்து, "பிளானில் இந்த இடம், தரையில் அந்த இடம்" என்று சோடி சோடியாகக் காட்ட வேண்டும். எளிய மாற்றத்துக்கு மூன்று சோடி போதும். நான் எட்டுக்குக் குறையாமல் எடுப்பேன், நான்கு மூலைக்கும் பரவலாக. இடம் மாறாதவற்றைத் தேர்ந்தெடுங்கள்: கல் பாலம், ஆலையின் அடித்தளம், சாலைச் சந்தி, பழைய கோயில். ஆற்று வளைவு வேண்டாம், ஆறு நகரும். ஒவ்வொரு சோடிக்கும் எத்தனை பிழை என்று மென்பொருள் காட்டும். ஒன்று மட்டும் மிகப் பெரிதாக இருந்தால் அதைத்தான் நீங்கள் தவறாகக் குத்தியிருக்கிறீர்கள்.

இங்கேதான் புரொஜெக்‌ஷன், டேட்டம் என்ற இரண்டு சொற்களும் வரும். உருண்டையைத் தாளில் விரிக்கும் முறை புரொஜெக்‌ஷன். நம் தீபகற்பம் நேர் வடக்கு தெற்காக இல்லாமல் சாய்ந்து கிடப்பதால், அதற்கென்றே சாய்த்து அமைத்த முறை ஒன்று உண்டு. அதை ஆர்எஸ்ஓ என்பார்கள். டேட்டம் என்பது, உருண்டையை எங்கே பொருத்தி அளக்கத் தொடங்கினார்கள் என்பது. பழைய மலாயா வரைபடங்களுக்குப் பகாங்கில் உள்ள கெர்தாவ் ஆதாரம். கைப்பேசிக்கு டபிள்யூஜிஎஸ்84. நில அளவைத் துறையான ஜூபெம் பின்னர் கொண்டுவந்தது ஜிடிஎம்2000, கைப்பேசி வேலைக்கு இதுவும் டபிள்யூஜிஎஸ்ஸும் ஒன்றுதான். ஆனால் கெர்தாவ் எண்களைக் கைப்பேசி எண்கள் என்று எண்ணிப் போட்டால் எல்லாமே நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும், கோயில் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். கியூஜிஐஎஸ்ஸில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நினைவில் வைக்க மூன்று போதும்: கைப்பேசிப் பதிவுகளுக்கு 4326, ஜிடிஎம்2000 ஆர்எஸ்ஓவுக்கு 3375, கெர்தாவ் ஆர்எஸ்ஓ மீட்டருக்கு 3168. கோப்பு எதில் இருக்கிறது என்று முதலில் சரியாகச் சொல்லிவிட்டால் மாற்றும் வேலையை அதுவே செய்துகொள்ளும்.

கோயில் நிலம், சுடுகாட்டு எல்லை என்று வழக்கு நடக்கும் இடங்களில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். நாம் வரைவது எல்லைச் சான்று ஆகாது. உரிமம் பெற்ற நில அளவையாளர் அளந்ததும் நில அலுவலக ஆவணமும்தான் சான்று. நம் வேலை, தேதியோடும் புகைப்படத்தோடும் "அன்று இது இங்கே இருந்தது" என்று பதிவது. அளவையாளரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டு போங்கள்.

கோப்புகள்

நடைத்தடம் ஜிபிஎக்ஸ் கோப்பாக வரும். பட்டியல் சிஎஸ்வியாக இருக்கும். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அலுவலகங்களிலிருந்து வருவது பெரும்பாலும் ஷேப்ஃபைல். அது ஒரே கோப்பு அல்ல, நாலைந்து கோப்புகளின் கூட்டம், முக்கியமான ஒன்று தொலைந்தால் சரியாகத் திறக்காது. அதில் நெடுவரிசைப் பெயர்களும் பத்து எழுத்துக்கு மேல் போகாது. உங்கள் சொந்தச் சேமிப்புக்கு ஜியோபேக்கேஜ் பயன்படுத்துங்கள். எல்லா அடுக்குகளும் ஒரே கோப்பில் இருக்கும், தமிழும் கெடாது.

சேமிப்பதற்கு முன்

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேமி என்றதும் இரண்டு கேள்வி வரும்: என்ன செய்தீர்கள், எதை வைத்துச் செய்தீர்கள். "மூன்றாவது டிவிஷன் லயம், கேட் சேர்த்தேன். நேரில் பார்த்தது" என்று தமிழிலேயே எழுதலாம். முதல் நாள் ஐந்து திருத்தத்துக்கு மேல் வேண்டாம். சேமித்தபின் சில நிமிடத்தில் வரைபடத்தில் தெரியும், சில செயலிகளில் வர வாரக்கணக்கில் ஆகலாம். பிறகு உங்கள் வீட்டிலிருந்து அந்த லயத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி ஆபீஸோடு நின்றால் எங்கோ ஒரு முடிச்சு விழவில்லை, போய்த் தேடுங்கள்.

எங்கள் மூன்றாவது டிவிஷனுக்கு இப்போது இரண்டு வழி தெரிகிறது. கிழக்கு வழியில் கேட் கிடையாது, ஆற்றோரமாகச் சுற்றிப் போகும், இரண்டு கிலோமீட்டர் கூடுதல். அந்த வழி இருப்பதை லயத்துப் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம், அவர்கள் தினமும் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பாதை அது. அடுத்த சனிக்கிழமை நாலாவது டிவிஷன். காலை ஏழரைக்குப் பெரட்டுக் களத்தில் கூடுகிறோம்.